துப்பாக்கி குற்றவாளியா, மனிதர் குற்றவாளியா?



2025ஆம் ஆண்டு ஆகஸ்ட் 27ஆம் நாள், அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரிலுள்ள மங்கள வார்த்தை அன்னை ஆலயத்தில் பள்ளிக் குழந்தைகள் திருப்பலியில் கலந்துகொண்டிருந்தார்கள். அது புதிய கல்வியாண்டின் முதல் வாரம். ஆலயத்திற்கு வெளியே நின்ற ஒருவர் ஜன்னல்கள் வழியாகத் துப்பாக்கியால் சுட்டார். எட்டு வயதும் பத்து வயதுமான இரு குழந்தைகள் அமர்ந்திருந்த இடத்திலேயே உயிரிழந்தனர். மேலும் பலர் காயமுற்றனர். நான்கு நாள்கள் கழித்து, ஆகஸ்ட் 31 அன்று மூவேளைச் செபத்தின்போது திருத்தந்தை பதினான்காம் லியோ அவர்கள் அந்தக் குழந்தைகளை நினைவுகூர்ந்தார். உலகெங்கும் ஆயுதங்கள் ஒரு பெருந்தொற்றாகப் பரவிவருகின்றன என்று கூறி, அது நிற்க வேண்டுமென்று செபிக்கக் கேட்டுக்கொண்டார்.

அந்த ஞாயிறு திருப்பலியில் நாமும் அவர்களுக்காக மன்றாடினோம். பூசை முடிந்து வெளியே வந்தபோது பங்குமக்களில் ஒருவர் நம்மிடம் கேட்டார்: "சாமி, அங்கே கடையில் காய்கறி வாங்குவது போலத் துப்பாக்கி வாங்குகிறார்களாம். அதனால்தான் இத்தனைக் கொலைகள். நமக்கு அந்தப் பிரச்சினை இல்லை, அல்லவா?" பக்கத்தில் நின்ற இளைஞர் ஒருவர் உடனே மறுத்தார்: "துப்பாக்கி தானாகச் சுடுமா சாமி? கொல்ல நினைப்பவன் அரிவாளாலும் கொல்வான். இங்கே கொலையே நடக்கவில்லையா?"

இருவர் சொன்னதிலும் உண்மை உண்டு. இருவர் சொன்னதிலும் விடுபட்டுப் போனதும் உண்டு. இந்த விவாதம் அமெரிக்காவில் பல பத்தாண்டுகளாக நடந்துவருகிறது. நம் திருவண்ணாமலை மாவட்டத்திற்கும் இதில் பங்கு இருக்கிறது என்பதை நம்மில் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. எனவே இதைச் சற்றுப் பொறுமையாகச் சிந்திப்போம்.

இரு தரப்பினரும் சொல்வது என்ன?

அமெரிக்க அரசியலமைப்பில் 1791ஆம் ஆண்டு சேர்க்கப்பட்ட இரண்டாவது திருத்தம் ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைப் பற்றிப் பேசுகிறது. அது தனி மனிதருக்கு உரிய உரிமை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்தது. வீட்டையும் குடும்பத்தையும் காக்க ஒருவருக்கு ஆயுதம் தேவை, சட்டத்தை மதிப்பவரிடமிருந்து துப்பாக்கியைப் பறித்தால் சட்டத்தை மதிக்காதவரிடம் மட்டுமே அது எஞ்சும் என்பது உரிமை கோருவோரின் வாதம். ஜான் லாட் என்னும் பொருளியல் அறிஞர் 1998இல் வெளியிட்ட நூலில், மக்களிடம் துப்பாக்கி அதிகமானால் குற்றம் குறையும் என்றே வாதிட்டார்.

துப்பாக்கி எளிதாகக் கிடைப்பதால்தான் சாதாரணச் சண்டையும் கொலையில் முடிகிறது என்பது மறுதரப்பின் வாதம். 1993இல் மருத்துவர் ஆர்தர் கெல்லர்மனும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். துப்பாக்கி உள்ள வீட்டில் கொலை நடக்கும் வாய்ப்பு, துப்பாக்கி இல்லாத வீட்டைவிட ஏறத்தாழ இரண்டே முக்கால் மடங்கு என்றும், கொல்பவர் பெரும்பாலும் உறவினரோ தெரிந்தவரோதான் என்றும் அந்த ஆய்வு கூறியது. ஆபத்தான சூழலில் வாழ்பவர்களே துப்பாக்கி வாங்குகிறார்கள், ஆகவே துப்பாக்கியைக் காரணமாகச் சொல்ல முடியாது என்று எதிர்த்தரப்பினர் பதில் கூறினர். 2004இல் அமெரிக்காவின் தேசிய ஆய்வுக் கழகம் அதுவரை வந்திருந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. பொது இடங்களில் துப்பாக்கி ஏந்திச் செல்ல அனுமதிக்கும் சட்டங்கள் குற்றத்தைக் குறைக்கின்றனவா கூட்டுகின்றனவா என்பதை அந்தச் சான்றுகளைக் கொண்டு முடிவு செய்ய இயலாது என்று அறிவித்தது.

அறிஞர்களே ஒத்துப்போகாத விடயத்தில் நாம் என்ன முடிவுக்கு வருவது? உறுதியாகத் தெரிந்தவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

2017ஆம் ஆண்டுக் கணக்குப்படி உலகில் பொதுமக்களிடம் இருந்த துப்பாக்கிகள் ஏறத்தாழ 85.7 கோடி. அவற்றில் 39.3 கோடி அமெரிக்காவில் மட்டும் இருந்தன. அதாவது 100 பேருக்கு 120 துப்பாக்கிகள். ஆளுக்கு ஒன்றுக்கும் மேல். ஜெனீவாவில் இயங்கும் சிறு ஆயுத ஆய்வு நிறுவனம் தரும் கணக்கு இது. அதே கணக்கில் இந்தியாவில் 100 பேருக்கு ஏறத்தாழ 5 துப்பாக்கிகள். ஆனால் மொத்தமாகப் பார்த்தால் நம் நாட்டில் 7 கோடிக்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் இருப்பதாக மதிப்பிட்டுள்ளனர். அவற்றில் முறையாகப் பதிவு செய்யப்பட்டவை ஒரு கோடிகூட இல்லை. மற்றவை எல்லாம் உரிமம் இல்லாதவை. இதை நினைவில் வைத்துக்கொள்வோம். பிறகு இதற்குத் திரும்பி வருவோம்.

இனி கொலைகளைப் பார்ப்போம். இந்தியாவில் 2022இல் பதிவான கொலை வழக்குகள் 28,522. மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் ஒரு லட்சம் பேருக்கு ஏறத்தாழ 2. அமெரிக்காவில் 2021இல் இது ஒரு லட்சம் பேருக்கு ஏறத்தாழ 7 முதல் 8. அங்கே கொலையுண்ட ஐவரில் நால்வர் துப்பாக்கியால் இறந்தவர்கள். ஆகவே நம் முதல் நண்பர் சொன்னது சரி என்று தோன்றும்.

ஆனால் அவசரப்பட வேண்டாம். சுவிட்சர்லாந்தில் 100 பேருக்கு ஏறத்தாழ 28 துப்பாக்கிகள் உள்ளன. அங்கே கொலை மிக அரிது. மத்திய அமெரிக்க நாடான ஒண்டுராசில் 100 பேருக்கு ஏறத்தாழ 14 துப்பாக்கிகள்தாம். அங்கோ 2022இல் ஒரு லட்சம் பேருக்கு 30க்கும் மேற்பட்டோர் கொலையுண்டனர். துப்பாக்கிகளை எண்ணி மட்டும் கொலைகளைக் கணித்துவிட முடியாது என்பதை இது காட்டுகிறது. வறுமை, போதைப்பொருள் கடத்தல், நேர்மையற்ற காவல், செயல்படாத நீதிமன்றம் ஆகிய எல்லாமே கொலைக்கு வழி செய்கின்றன. சுவிட்சர்லாந்தில் துப்பாக்கி வைத்திருப்போரில் பலர் இராணுவப் பயிற்சி பெற்றவர்கள். 2007 முதல் இராணுவத் தோட்டாக்களைப் பொதுவாக வீட்டில் வைத்திருக்க அங்கே விடுவதில்லை. ஆக, எத்தனைத் துப்பாக்கி என்பதோடு, யார் கையில், எந்த ஒழுங்கின்கீழ் என்பதும் கேட்கப்பட வேண்டிய கேள்வி.

நாம் அதிகம் கவனிக்காத இன்னோர் எண்ணும் உண்டு. 2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அவர்களில் கொலையுண்டவர்கள் 20,958 பேர். தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டவர்கள் 26,328 பேர். திருடனுக்குப் பயந்து வாங்கி அலமாரியில் வைத்த துப்பாக்கி, திருடனைவிட அதிகமாக அந்த வீட்டாரையே மனம் உடைந்த ஒரு நாளில் பலி வாங்கியிருக்கிறது.

"துப்பாக்கி இல்லாவிட்டால் அரிவாள்"

இப்போது நம் இளைஞர் கேட்ட கேள்விக்கு வருவோம். துப்பாக்கியைப் பறித்தால் மனிதர் வேறொன்றைத் தேடமாட்டாரா?

தேடுவார். ஆனால் எல்லாரும் தேடுவதில்லை. தேடினாலும் விளைவு ஒன்றாக இருப்பதில்லை. 1968இல் பிராங்க்ளின் சிம்ரிங் என்ற சட்ட அறிஞர் சிகாகோ நகரக் காவல்துறைப் பதிவுகளை ஆராய்ந்தார். கத்திக்குத்தையும் துப்பாக்கிச் சூட்டையும் ஒப்பிட்டபோது, துப்பாக்கித் தாக்குதல் மரணத்தில் முடிவது ஏறத்தாழ ஐந்து மடங்கு அதிகம் என்று கண்டார். அந்தத் தாக்குதல்களில் பெரும்பாலானவை திட்டமிட்ட கொலைகள் அல்ல. சாராயக் கடையில், குடும்பச் சண்டையில், தெருவில் வாய்த்தகராறில் நடந்தவை. அதே கோபம், அதே மனிதர். கையில் இருந்த பொருள்தான் ஒருவரை மருத்துவமனைக்கும் மற்றொருவரைக் கல்லறைக்கும் அனுப்பியது.

இதைவிடத் தெளிவான சான்று ஒன்று நம் அண்டை நாடான இலங்கையில் உண்டு. அது துப்பாக்கியைப் பற்றியது அன்று, பூச்சிமருந்தைப் பற்றியது. 1995ஆம் ஆண்டளவில் இலங்கையில் ஒரு லட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலை செய்துகொண்டனர். அன்று உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களுள் அதுவும் ஒன்று. இறந்தவர்களில் பலர் உழவர் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். கடனோ, கணவன் மனைவி சண்டையோ, தேர்வுத் தோல்வியோ எதுவாயினும், மூலையில் பூச்சிமருந்துப் புட்டி இருந்தது. அரசு மிகக் கொடிய நஞ்சுள்ள மருந்துகளைப் படிப்படியாகத் தடை செய்தது. மக்களின் வறுமை ஒரே நாளில் மாறவில்லை. உள்நாட்டுப் போரும் 2009 வரை ஓயவில்லை. ஆயினும் இருபது ஆண்டுகளில் தற்கொலை விகிதம் ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்தது. அந்தக் காலத்தில் ஏறத்தாழ 93,000 உயிர்கள் காக்கப்பட்டதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டுள்ளனர்.

சுவிட்சர்லாந்திலும் இதுபோன்ற ஒன்று நடந்தது. 2003, 2004ஆம் ஆண்டுகளில் அந்நாடு தன் இராணுவத்தைப் பாதியாகக் குறைத்தபோது, பல வீடுகளிலிருந்து இராணுவத் துப்பாக்கிகள் வெளியேறின. அதன்பின் இராணுவ வயதுடைய ஆண்களிடையே தற்கொலை குறைந்தது. தவிர்க்கப்பட்ட துப்பாக்கித் தற்கொலைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் வேறு வழிகளுக்கு மாறியிருந்தது.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? பெரும் கோபமும் பெரும் துயரமும் மனிதரிடம் வெகுநேரம் தங்குவதில்லை. வந்து போகும் காட்டாற்று வெள்ளம் போன்றவை அவை. அந்தச் சில நிமிடங்களில் கையெட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பதே பல வேளைகளில் ஓர் உயிரை முடிவு செய்கிறது. துப்பாக்கி கோபத்தை உண்டாக்குவதில்லை என்பது உண்மை. ஆனால் மறுநாள் காலையில் மன்னிப்புக் கேட்டுச் சரிசெய்யக்கூடிய கோபத்தை, ஒருபோதும் சரிசெய்ய முடியாததாக அது மாற்றிவிடுகிறது.

சட்டம் கடுமையாக இருந்தால் போதுமா என்றால், அதற்கும் ஆஸ்திரேலியா ஒரு பாடம். 1996 ஏப்ரல் 28 அன்று போர்ட் ஆர்தர் என்ற இடத்தில் ஒரே மனிதர் 35 பேரைச் சுட்டுக் கொன்றார். அரசு விரைந்து சட்டம் இயற்றி, பணம் கொடுத்து ஏறத்தாழ ஆறரை லட்சம் துப்பாக்கிகளைத் திரும்பப் பெற்று அழித்தது. அதன்பின் துப்பாக்கி மரணங்கள் குறைந்தன. அதற்கு முன்பே அவை குறையத் தொடங்கியிருந்தன என்று சுட்டிக்காட்டுவோரும் உண்டு. பலரைக் கொல்லும் தாக்குதல்கள் அரிதாயின. ஆனால் அடியோடு ஒழியவில்லை. 2018இல் ஆஸ்மிங்டன் என்ற ஊரில் ஒரு குடும்பமே சுட்டுக் கொல்லப்பட்டது. 2025 டிசம்பரில் சிட்னியின் பாண்டை கடற்கரையில் யூதர்களின் விழாவில் துப்பாக்கிச் சூடு நடந்தது. ஆக, சட்டம் தீமையை முற்றிலும் தடுப்பதில்லை. ஆனால் தீமையின் கையில் இருக்கும் ஆற்றலைக் குறைக்கிறது. அதுவும் சிறிய காரியம் அன்று.

நம் நாட்டின் சட்டம்

1878இல் லிட்டன் பிரபு காலத்தில் வந்த ஆயுதச் சட்டம் இந்தியர்களுக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கியது. ஐரோப்பியருக்கு விலக்கு அளித்தது. அகிம்சையைப் போதித்த காந்தியடிகளே அந்தச் சட்டத்தைக் கண்டித்தார். ஓர் இனத்தாரை மட்டும் அஞ்சி ஒடுங்கச் செய்யும் சட்டம் நீதியற்றது. விடுதலைக்குப்பின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் அந்த இன வேறுபாட்டை நீக்கி, எல்லாருக்கும் உரிமத்தைப் பொதுவாக்கியது. அதே காந்தியடிகள் 1948 ஜனவரி 30 அன்று அருகில் வந்து நின்ற ஒருவரின் கைத்துப்பாக்கிக் குண்டுகளுக்குப் பலியானார் என்பதும் நாம் மறக்கக்கூடாதது.

இன்று மாவட்டங்களில் உரிமம் வழங்குபவர் மாவட்ட ஆட்சியர். காவல்துறை விசாரித்து அறிக்கை தர வேண்டும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி உரிமம் பெற்ற ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கிகள் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைக்கப்பட்டன. உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருந்தால் இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை. உரிமமின்றித் தயாரித்தால் ஏழு ஆண்டுகள் முதல் ஆயுள் வரை. தேர்தல் வந்தால் உரிமம் பெற்றவர்களும் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கும் வழக்கம் நாம் அறிந்ததே.

நம் அரசியலமைப்பின் 19ஆம் பிரிவு, குடிமக்கள் அமைதியாகவும் ஆயுதமின்றியும் கூடுவதற்கு உரிமை தருகிறது. ஆயுதமின்றி என்ற சொல் உரிமையோடு சேர்த்தே எழுதப்பட்டுள்ளது. அமெரிக்க அரசியலமைப்புக்கும் நம்முடையதற்கும் உள்ள பெரிய வேறுபாடு இது. இதன் பொருளை அறிய நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. பௌர்ணமிதோறும் நம் ஊரில் லட்சக்கணக்கான சகோதர சகோதரிகள் 14 கிலோமீட்டர் தூரம் கிரிவலம் வருகிறார்கள். கார்த்திகை தீபத்தன்று நகரமே நிரம்பி வழிகிறது. நெரிசலும் வாக்குவாதமும் உண்டு. ஆனால் முன்னே போகிறவர் இடுப்பில் துப்பாக்கி இருக்குமோ என்ற அச்சம் எவருக்கும் இல்லை. ஒருவரையொருவர் அறியாதவர்கள் நள்ளிரவில் தோளோடு தோள் உரசி நடக்க முடிகிறது. இந்த நம்பிக்கை எவ்வளவு பெரிய செல்வம் என்பது அதை இழந்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஜவ்வாது மலையில்

ஆனால், "நமக்கு அந்தப் பிரச்சினை இல்லை" என்ற நண்பரின் சொல்லை நாம் முழுவதுமாக ஏற்க முடியாது. நம் மாவட்டத்தின் வடக்கே ஜவ்வாது மலை இருக்கிறது. ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் மலையாளிப் பழங்குடி மக்கள் சாமையும் கேழ்வரகும் விளைவித்து வாழ்கிறார்கள். உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கிகள் அந்த மலையில் இருந்துவருவது பழைய செய்தி. குழாயின் வாய்வழியாக வெடிமருந்தையும் பால்ரஸ் குண்டுகளையும் இட்டுக் கெட்டித்துச் சுடும் கருவி அது. அவற்றைத் தாமாக ஒப்படைக்கும்படி காவல்துறை அவ்வப்போது அழைப்பு விடுக்கிறது. ஜவ்வாது மலை, கல்வராயன் மலை, கிருஷ்ணகிரி மாவட்டக் காட்டோரப் பகுதிகள் ஆகிய இடங்களில் மக்கள் அவற்றைக் கொண்டுவந்து ஒப்படைத்ததும், ஊர்ப் பொது இடத்தில் வைத்துவிட்டுச் சென்றதும் நாளிதழ்களில் வந்தன. வேட்டைக்குச் சென்ற இடத்தில் விலங்கு என்று எண்ணி உடன் வந்தவரையே சுட்டுவிட்ட துயரச் செய்திகளும் மலைப்பகுதிகளிலிருந்து வருவதுண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் நாம் மலைக்குச் சென்றிருந்தபோது ஒரு பெரியவரோடு திண்ணையில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தோம். பேச்சு துப்பாக்கியைப் பற்றித் திரும்பியது. "சட்டவிரோதம் என்று தெரியாதா பெரியவரே?" என்று கேட்டோம். அவர் கோபப்படவில்லை. "தெரியும் சாமி. ஆறு மாசம் பாடுபட்ட சாமையைப் பன்னி ஒரு ராத்திரியில் உழுதுட்டுப் போவுது. நான் வாயால கத்திக்கிட்டு இருந்தா அது போவுமா? எனக்குச் சோறு போடுறது யாரு, நீங்க சொல்லுங்க" என்றார். நம்மிடம் உடனடியாகப் பதில் இல்லை. சற்றுநேரம் கழித்து அவரே தாழ்ந்த குரலில் சொன்னார்: "ஆனா ஒண்ணு சாமி. பேரப்பசங்க வளர்ந்துட்டாங்க. பொழுது போனா அதை எங்க வெச்சேன்னு தேடிப் பார்த்துட்டுத்தான் படுக்கிறேன். தூக்கமே வரதில்லை."

அந்தப் பெரியவர் சொன்ன இரண்டும் உண்மை. அவருடைய பசி உண்மை. அவருடைய பயமும் உண்மை. துப்பாக்கியைப் பற்றிய விவாதத்தில் ஒரு தரப்பினர் அவருடைய முதல் பேச்சை மட்டும் கேட்கிறார்கள். மறுதரப்பினர் இரண்டாவதை மட்டும் கேட்கிறார்கள். இரண்டையும் கேட்பவரே அவருக்கு உதவ முடியும்.

பயிர்ப் பாதுகாப்புக்காகத் துப்பாக்கி உரிமம் கேட்க ஆயுதச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் உரிமம் இருந்தாலும் காட்டு விலங்கை விருப்பம்போல் சுட முடியாது; 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுக்கிறது. காட்டுப்பன்றிச் சிக்கல் முற்றியபின், 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு ஒரு முடிவை அறிவித்தது. அதன்படி காட்டின் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றிகளைச் சுடக்கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம். பொறுப்பும் பயிற்சியும் உள்ள கையில் மட்டும் துப்பாக்கி இருக்கட்டும் என்பதே இதன் நோக்கம். ஆனால் காட்டின் நடுவிலேயே நிலம் வைத்திருக்கும் மலைவாழ் உழவருக்கு இதனால் பெரிய பயன் இல்லை. அவருக்கு வேலியும், பயிர் இழப்பீடும், தாமதமில்லாத உதவியுமே தேவை. அவை கிடைக்காத இடத்தில் துப்பாக்கி போனால் கள்ள மின்வேலி வரும். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே அத்தகைய வேலியில் மூன்று யானைகள் மாண்டதை நாம் அறிவோம். யானையைக் கொல்லும் கம்பி மனிதரையும் கொல்லும்.

கெத்சமனித் தோட்டத்தில் ஒரு வாள்

திருச்சபை இதுபற்றி என்ன சொல்கிறது? தன் உயிரையும் தன் பொறுப்பில் உள்ளவர்களின் உயிரையும் காக்கும் உரிமையைத் திருச்சபை மறுக்கவில்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2263 முதல் உள்ள எண்களில், தற்காப்பு முறையானது என்றும், அதற்குத் தேவைக்கு மிஞ்சிய வன்முறையைப் பயன்படுத்துவது தவறு என்றும் விளக்குகிறது. அதே நூல் 2316ஆம் எண்ணில், ஆயுத உற்பத்தியும் விற்பனையும் பொதுநலனைத் தொடுபவை, ஆகவே அவற்றை ஒழுங்குபடுத்துவது அரசின் உரிமையும் கடமையும் ஆகும் என்கிறது. 2015 செப்டம்பர் 24 அன்று அமெரிக்க நாடாளுமன்றத்தில் உரையாற்றிய திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள், மக்களுக்குத் துன்பம் விளைவிப்போருக்கு ஆயுதங்கள் ஏன் விற்கப்படுகின்றன என்று கேட்டு, பணத்திற்காகவே என்று தாமே பதிலும் கூறினார்.

துப்பாக்கி உரிமையை வலியுறுத்துவோர் அடிக்கடி ஒன்றைச் சொல்வார்கள். கெட்டவன் கையில் துப்பாக்கி இருந்தால், அவனைத் தடுக்க நல்லவன் கையிலும் துப்பாக்கி வேண்டும் என்பார்கள். இதைக் கேட்கும்போதெல்லாம் நமக்குப் பேதுருவின் நினைவு வருகிறது. பேதுரு கெட்டவர் அல்லர். ஆண்டவரை அன்பு செய்தவர். அன்று இரவு தூக்கக் கலக்கத்தில் இருந்தார், இருட்டில் தீப்பந்தங்களோடு கூட்டம் வந்தது, பயந்தார், இடுப்பில் வாள் இருந்தது. உருவி வெட்டினார். வெட்டுண்டவர் தலைமைக் குருவின் பணியாளர் மால்கு (யோவான் 18:10). அவர் கட்டளைக்குக் கீழ்ப்படிந்து வந்த ஒருவர், அவ்வளவே. வாளை உறையில் போடுமாறு இயேசு கடிந்துகொண்டார். அறுந்த காதைத் தொட்டு நலமாக்கினார் (லூக்கா 22:51).

நல்ல மனிதர், அன்பும் அச்சமும் கலந்த நெஞ்சம், இருட்டு, கையில் ஆயுதம். இவை நான்கும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை அந்த இரவு காட்டுகிறது. மலையில் சலசலப்புக் கேட்டுச் சுடுகிறவரும், வீட்டுக்குள் காலடிச் சத்தம் கேட்டுத் தன் மகன் மீதே சுட்டுவிடுகிற தந்தையும் பேதுருவைப் போல நல்லவர்கள்தாம். பேதுருவின் கையில் இருந்தது வாள். அதனால் மால்கு காதை மட்டும் இழந்தார். துப்பாக்கி அந்த அளவோடு விட்டிருக்காது.

நாம் செய்யக்கூடியவை

முதலாவதாக, உரிமமில்லாத துப்பாக்கி வீட்டில் இருக்குமாயின் அதை ஒப்படைத்துவிடுங்கள். தாமாக ஒப்படைப்போர் மீது வழக்குத் தொடர மாட்டோம் என்று காவல்துறை அறிவித்து அழைக்கும் காலங்கள் வருகின்றன. அத்தகைய வாய்ப்பைப் பயன்படுத்துங்கள். தனியே செல்ல அஞ்சினால் ஊர்ப் பெரியவர்களோடும் வழக்கறிஞர் ஒருவரோடும் கலந்து, சேர்ந்து செல்லுங்கள்.

இரண்டாவதாக, ஒப்படைப்பவரை அதோடு விட்டுவிடாதிருப்போம். பயிர் இழப்பீட்டுக்கு மனு எழுதித் தருவதும், வனத்துறை அலுவலகத்திற்கு உடன் செல்வதும் படித்த நம் இளைஞர்களால் இயலும். சூரிய மின்வேலிக்கு அரசின் உதவி உண்டா என்று கேட்டறிந்து சொல்வதும் இயலும். உழவரின் பயிரைக் காக்க உதவாதவர் அவருடைய துப்பாக்கியைப் பற்றி அறிவுரை கூறுவது எளிது, பயனுள்ளது அன்று.

மூன்றாவதாக, உரிமம் பெற்றுத் துப்பாக்கி வைத்திருப்போர் அதைக் குண்டு நிரப்பாமல் பூட்டி வையுங்கள். குண்டுகளை வேறிடத்தில் வையுங்கள். துப்பாக்கி இல்லாத வீட்டார் பூச்சிமருந்தைப் பூட்டி வையுங்கள். நம் வீடுகளில் துப்பாக்கியைவிட அதுவே அதிக உயிர்களை வாங்கியிருக்கிறது. வீட்டில் ஒருவர் சோர்ந்து, பேசாமல், உண்ணாமல் இருந்தால் அவரைத் தனியே விடாதீர்கள். பேசுங்கள்; மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

துப்பாக்கி குற்றவாளியா, மனிதர் குற்றவாளியா என்ற கேள்விக்கு நம் பதில் இதுதான். பாவம் மனிதருடைய நெஞ்சில்தான் பிறக்கிறது. அதை மாற்றும் பணி நெடியது. நம் வாழ்நாள் முழுவதும் தொடர்வது. அதுவரை அந்த நெஞ்சுக்கும் அதன் கைக்கும் இடையே கொஞ்சம் தூரம் வைப்பது சட்டத்தின் கடமை, குடும்பத்தின் கடமை, நம் ஒவ்வொருவரின் கடமை. அந்தச் சிறு தூரத்தில்தான் மனிதர் மனம் மாறுவதற்கான நேரம் இருக்கிறது.

மினியாபொலிசில் மாண்ட அந்த இரு குழந்தைகளையும், தூக்கமின்றித் துப்பாக்கியைத் தேடிப் பார்த்துப் படுக்கும் நம் மலைப் பெரியவரையும் ஒரே செபத்தில் நினைவுகூர்வோம். பேதுருவின் கையைத் தடுத்த ஆண்டவர் நம் கைகளையும் காத்தருள்வாராக. ஆமென்.